ஓசி வேனில் ஊர் சுற்றிய குடும்பம்

அவருக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது கடைப் பலகையோடு சரி. தெருவில் எல்லோருக்கும் அவர் சல்லிசு. எதை வாங்கினாலும் "சல்லிசா முடிச்சுட்டேன்" என்று நாலு பேரிடம் சொன்னால்தான் வாங்கிய பொருள் வீடு வந்து சேர்ந்ததாக அவருக்குத் திருப்தி. அப்படிச் சல்லிசாக முடித்த குடைதான் ஒரு மழையில் சாயம் விட்டு அவர் சட்டையை ஊதா நிறமாக்கியது. அப்படி முடித்த அலாரம் கடிகாரம் தனக்குத் தோன்றியபோது அடித்தது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. "போட்ட காசுக்கு இது உழைச்சதே அதிகம்" என்பார்.

அவர் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள். ஆனால் அந்த வருடம் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட அன்றே அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"போன லீவுக்கு எங்க போனோம்? உங்க அக்கா வீட்டுக்கு. அதுக்கு முந்தின லீவுக்கு? உங்க தங்கச்சி வீட்டுக்கு. இந்தத் தடவை ஒரு பெரிய ஊருக்குப் போறோம். நமக்குச் சொந்தக்காரங்க ஒருத்தர்கூட இல்லாத ஊரா பாத்துப் போறோம்."

"அப்ப எங்க தங்குறது?" என்று கேட்டார் சல்லிசு, உண்மையான கவலையோடு.

"லாட்ஜுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள்.

மகள் பத்தாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்பு; வீட்டில் அவன் பெயர் வாண்டு. இருவரும் அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டதால் சல்லிசு தோற்றார். தோற்றாலும் சும்மா இருக்கவில்லை. ரயிலில் வாண்டுக்கு நாலு வயது என்று சொல்லி டிக்கெட் எடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்தார். பரிசோதகர் வந்து நின்ற நேரம் பார்த்து வாண்டு, "தகுந்த காரணமின்றிச் சங்கிலியை இழுப்பவர்களுக்கு அபராதம்" என்று தலைக்கு மேலிருந்த அறிவிப்பை ஒரு பிழையில்லாமல் படித்துக் காட்டினான். பரிசோதகர் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அபராதத்தை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் லாட்ஜு வந்தது. ஊரிலேயே மலிவான அறை. நாலு பேரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் அலமாரிக் கதவைத் திறக்க முடியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் ஜன்னல். அந்த ஜன்னலில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கன்னத்தில் விட்டுப்போன இடத்தை இங்கிருந்தே கைநீட்டிக் காட்டிவிடலாம்.

மறுநாள் காலை, ஊர் சுற்றிக் காட்டும் பேருந்துக்குக் கட்டணம் விசாரிக்கச் சல்லிசு கீழே இறங்கினார். போனவர் முகம் வெளிறித் திரும்பி வருவார் என்றுதான் மனைவி நினைத்தாள். அவரோ வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"எல்லாரும் கிளம்புங்க. ஏசி வேன். ஊர் பூரா சுத்திக் காட்டுறான். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் காப்பி, பிஸ்கட்டு. எவ்வளவுன்னு நினைக்கிற?"

"எவ்வளவு?"

"ஒண்ணுமே இல்ல!"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருடக் குடும்பம் நடத்திய பார்வை அது. "யாராவது சும்மா வேன்ல ஏத்துவானா?"

"ஊருக்கு வர்றவங்களை நல்லபடியா கவனிக்கணும்னு ஒரு இது" என்று பூசி மெழுகினார் சல்லிசு. சட்டைப் பையிலிருந்த நோட்டீசை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

வேன் லாட்ஜு வாசலுக்கே வந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிய, சாதுவான மனிதர். அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் காத்திருப்பவள் போல இருந்தாள். எல்லோரும் உட்கார்ந்ததும், கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞன் முன் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்றான். டை அவனுக்கு இன்னும் பழகவில்லை போலும்; அடிக்கடி அதைத் தளர்த்துவதும் உடனே பயந்து இறுக்குவதுமாக இருந்தான்.

"வணக்கம். இன்னிக்கு நாம மூணு புராஜெக்ட் பாக்கப் போறோம். மூணுமே அடுக்குமாடி. மூணுமே லக்சுரி. உங்க கனவு இல்லம் இதுல எதுன்னு சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்க!"

சல்லிசின் மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.

"கனவு இல்லமா?"

"வழியில ஊரும் தெரியுமில்ல" என்றார் சல்லிசு ஜன்னலைப் பார்த்தபடி.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. நான் இறங்குறேன்."

"சாப்பாடு இருக்கும்மா. ஐஸ்கிரீமோட."

ஐஸ்கிரீம் என்ற சொல் வாண்டின் காதில் விழுந்துவிட்டது. அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது எந்தத் தாயாலும் ஆகாத காரியம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இளைஞன் பக்கத்தில் வந்து பணிவாகக் குனிந்தான். "சார் என்ன தொழில் பண்றீங்க?"

"கண்ணாடி" என்றார் சல்லிசு.

அந்த நேரம் வேன், வானம் முட்டும் ஓர் அலுவலகக் கட்டிடத்தைக் கடந்துகொண்டிருந்தது. கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. இளைஞன் அதையும் பார்த்தான், சல்லிசையும் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன. "இந்த மாதிரியா சார்?"

"எல்லா சைசும் பண்றோம்" என்றார் சல்லிசு. அது பொய்யில்லை. குழந்தைகளுக்கான சின்னச் சட்டம்கூட அவர் கடையில் உண்டு.

"பட்ஜெட் எப்படி மேடம்?" என்று மனைவியிடம் திரும்பினான் அவன்.

"அந்தக் கவலை எல்லாம் எங்களுக்கு இல்லப்பா" என்றாள் அவள், கசப்பாக. காசு இருக்கிறவனுக்குத்தானே அந்தக் கவலை என்று அவள் மனசுக்குள் முடித்த மிச்ச வாக்கியம் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் ஓடிப்போய் ஓட்டுநரிடம் குளிரைக் கூட்டி வைக்கச் சொன்னான்.

முதல் கட்டிடம் ஆற்றங்கரையில் இருந்தது. பதினெட்டாவது மாடி. மாதிரி வீட்டின் கதவைத் திறந்ததும் இளைஞன் தரையின் பளிங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். சல்லிசு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நேரே பால்கனிக்குப் போனார். ஊர் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. அவருக்குப் பரவசம் தாங்கவில்லை.

"அதோ பாரு, செகப்புக் கூரை. அதான் பழைய அரண்மனை. உள்ள போகணும்னா டிக்கெட்டு. நாம இங்கிருந்தே பாத்தாச்சு. அந்தப் பக்கம் கடிகாரக் கோபுரம். மணி என்ன காட்டுது? பாத்தாச்சு. அங்க மரமா இருக்குல்ல, அதான் மிருகக்காட்சி சாலை. சாம்பல் கலர்ல ஒண்ணு நிக்குது பாரு, யானை!"

"அப்பா, அது தண்ணி டேங்க்" என்றாள் மகள்.

"டேங்குக்குப் பக்கத்துல நிக்குதும்மா. நீ கண்ணாடி போட்டுப் பாரு."

"நான் போட்டிருக்கேன். நம்ம கடைக் கண்ணாடிதான்."

வாண்டு இதற்குள் சாப்பாட்டு மேசைமேல் இருந்த ஆப்பிளைக் கடித்து, பல் வலிக்க அலறினான். அது பிளாஸ்டிக். அந்த வீட்டில் டிவி அட்டை; அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது. படுக்கையறைக் கட்டில் நிஜமாகத்தான் தெரிந்தது. மெத்தை எப்படி என்று பார்ப்போமே என்று சல்லிசு படுத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. அறை பெரிதாகத் தெரியட்டும் என்று கட்டிலைச் சின்னதாகச் செய்து போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா மேடம்?" என்று வங்கிக்காரர் மனைவியிடம் கேட்டான் இளைஞன்.

"சத்தம் எப்படி தம்பி?" என்றாள் அந்த அம்மாள்.

"சுத்தமா இருக்காது மேடம். ரோடு ரொம்பக் கீழ. வெளிச் சத்தம் உள்ள வரவே வராது."

அந்த அம்மாளின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஏதோ அவன் வேறு கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள். வங்கிக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வாண்டைக் காணவில்லை. குளியலறைப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது: "அம்மா, இங்க தண்ணியே வரலை!"

இளைஞனின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, அது டிஸ்பிளே! அதுக்குப் பைப்பே கிடையாது!"

தாமதமாகிவிட்டது; வாண்டு காரியத்தை முடித்திருந்தான். தன் டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் வாளி தேடிக் கீழே ஓடினான். பதினெட்டு மாடிக்கும் லிஃப்ட் இருந்தது அவன் அதிர்ஷ்டம். சல்லிசின் மனைவிக்கு மானம் போயிற்று. வேனில் ஏறியதும் வாண்டின் காதைத் திருகினாள். திருகிய கையோடு கணவரின் தொடையிலும் ஒரு கிள்ளு வைத்தாள்.

இரண்டாவது கட்டிடத்தில் பூங்கா தெரிந்தது. சல்லிசு பூங்காவையும் பார்த்த கணக்கில் சேர்த்தார். வங்கிக்காரர் மனைவி மறுபடி சத்தத்தைப் பற்றிக் கேட்டாள்; இளைஞன் மறுபடி ரோட்டைப் பற்றிச் சொன்னான். பிறகு சாப்பாடு. கம்பெனி அலுவலகத்திலேயே வெள்ளைத் துணி விரித்த மேசை, இரண்டு வகை இனிப்பு, கேட்கக் கேட்க ஐஸ்கிரீம். சல்லிசு சாப்பிட்டதைப் பார்த்து, பரிமாறியவர் இரண்டு முறை உள்ளே போய் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

கை கழுவும் இடத்தில் இளைஞன் சல்லிசிடம் மனம் விட்டுப் பேசினான். "சார், சேந்து ஆறு மாசமாச்சு. ஒரு வீடுகூட நான் விக்கலை. இந்த வாரத்துக்குள்ள ஒண்ணாவது புக் பண்ணலைன்னா டையைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. உங்களைப் பாத்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

சல்லிசுக்கு விழுங்கிய ஐஸ்கிரீம் பாதி வழியில் நின்றது. "பாக்கலாம் தம்பி" என்றார். எங்கே பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்தபோது வினை ஆரம்பித்தது. அதுவரை வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்ற சல்லிசின் மனைவி, இந்த வீட்டின் சமையலறையை எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவள் உள்ளே போனாள். இரண்டு பக்கமும் மேடை. பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு நேர் எதிரே அகலமான ஜன்னல், அதில் ஆறும் ஒரு படகும். அவள் வீட்டில் தேய்க்கும் இடத்துக்கு எதிரே பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய். அவள் ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். இழுப்பறையை இழுத்தாள், அது சத்தமில்லாமல் தானே மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள்.

"மிக்ஸியை இந்த மூலையில வெச்சா வயர் எட்டும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சல்லிசும் அந்த வீட்டில் ஏதோ ஒன்றுக்கு மயங்கித்தான் இருந்தார். காலையிலிருந்து "சார், சார்" என்று கேட்டுக் கேட்டு அவருக்கும் தான் பெரிய கண்ணாடி வியாபாரி என்று கொஞ்சம் தோன்ற ஆரம்பித்திருந்தது. அவர் ஓர் அறையின் நடுவில் நின்று சொன்னார்: "இந்த ரூம் எங்க அம்மாவுக்கு. காத்து நல்லா வருது."

சமையலறையிலிருந்து மனைவியின் தலை வெளியே வந்தது. "அப்ப எங்க அம்மா எங்க இருப்பாங்களாம்?"

"அந்தச் சின்ன ரூம் இருக்கே."

"அது ஸ்டோர் ரூம் சார்" என்றான் இளைஞன் உதவி செய்வதாக நினைத்து.

"எங்க அம்மாவை வெங்காயத்தோட போட்டு அடைப்பீங்களா?"

"உங்க அம்மாவுக்கு எதுக்கு ரூம்? வந்தா நாலு நாள் இருப்பாங்க."

"நாலு நாள்தான் இருப்பாங்க, ஏன்னா நீங்க அஞ்சாவது நாள் ரயில் அட்டவணைய எடுத்து அவங்க முன்னாடி படிப்பீங்க!"

"பால்கனி ரூம் எனக்கு" என்றாள் மகள்.

"எனக்கு!" என்று கத்தினான் வாண்டு.

"நீ எல்லா பாத்ரூம்லயும் போய் மானத்தை வாங்குற, உனக்கு ரூம் ஒரு கேடா?" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். தங்களுக்குச் சொந்தமில்லாத, என்றைக்கும் சொந்தமாகப் போகாத வீட்டில் அந்தக் குடும்பம் நாலு மூலையிலும் நின்று சண்டை போட்டது. கல்யாணத்தின்போது யார் வீட்டார் யாரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது வரை போயிற்று. வங்கிக்காரரும் மனைவியும் சோபாவில் அடக்கமாக உட்கார்ந்து டென்னிஸ் பார்ப்பது போலத் தலையை இங்குமங்கும் திருப்பினார்கள். இளைஞனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கப்போகிறவர்கள்தான் இப்படிச் சண்டை போடுவார்கள் என்று பயிற்சி வகுப்பில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் ஓரமாகப் போய் மேனேஜருக்குப் போன் செய்தான்.

"எனக்கு ஒரு நல்ல சேலை உண்டா, ஒரு நல்ல ஊர் உண்டா? ஓசி வேன்ல ஏத்தி..." என்று ஆரம்பித்த மனைவி, அந்த உண்மை சபையில் வெளியே வந்துவிடக் கூடாதென்று நடுவில் நிறுத்தி, படுக்கையறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கதவு கனமாக, மெத்தென்று மூடியது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சல்லிசு கொஞ்ச நேரம் வீம்பாக இருந்து பார்த்தார். பிறகு கதவருகே போனார். "இந்தா பாரு, வா வெளிய. அவங்கல்லாம் பாக்கறாங்க."

பதில் இல்லை.

"சரி, உங்க அம்மாவுக்கே அந்த ரூம். போதுமா?"

பதில் இல்லை. இல்லாத வீட்டில் அறை கொடுப்பதில் செலவு ஒன்றும் இல்லைதான். ஆனால் அதற்கும் கதவு அசையவில்லை. இருபது வருடத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்புதாம்மா. ஊர் சுத்திக் காட்டுறேன்னு சொல்லிட்டு இங்க கூட்டிட்டு வந்தது தப்பு. நாளைக்கு ஆத்துல போட்ல போலாம். டிக்கெட் எடுத்தே போலாம். கேக்குதா? வாண்டுக்கு நாலு வயசுன்னு பொய்கூட சொல்லலை. ஓட்டல்ல சாப்பிடலாம். உக்காந்து சாப்பிடுற ஓட்டல்." தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மெரூன் கலர் சேலை... நேத்து வர்ற வழியில கடை வாசல்ல நின்னு பாத்தியே, அதுவும் வாங்கலாம்" என்றார்.

மகள் பின்னால் நின்று இதையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். தன் அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பணத்தை வாயால் செலவழித்து அவள் கேட்டதில்லை.

அப்போதும் பதில் இல்லை. சல்லிசு கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அது பசை போட்டு ஒட்டியது. கையில் கைப்பிடியோடு அவர் நின்ற நேரத்தில், அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏங்க!" போனில் மனைவியின் குரல். "கதவு திறக்க மாட்டேங்குது. உள்பக்கம் கைப்பிடியே இல்ல. எவ்வளவு நேரமா தட்டுறேன், கத்துறேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே! போன் பண்ணா நான் தோத்த மாதிரி ஆயிடும்னுதான் இவ்வளவு நேரம் பண்ணலை."

"கத்துனியா? ஒண்ணுமே கேக்கலையே. அப்ப நான் பேசினது?"

"என்ன பேசினீங்க?"

சல்லிசின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "ஒண்ணுமில்ல. சும்மா, வெளிய வான்னு."

மகள் போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள். "அம்மா, அப்பா நாளைக்கு போட்டு, ஓட்டல், மெரூன் சேலை எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரு. நான் சாட்சி."

இளைஞன் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தான். தச்சர் கதவைப் பார்த்துவிட்டு, பூட்டுப் பெட்டிக்குள் திருப்புளியை விட்டு ஒரு திருகு திருகினார், கதவு திறந்தது. உள்ளே சல்லிசின் மனைவி கலைந்த தலையோடு, அங்கும் போட்டிருந்த ஒரு குட்டிக் கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "மெரூனா?" என்றுதான்.

சரியாக அந்த நேரம் மேனேஜர் வந்தார். கையில் முன்பதிவுப் படிவம், பின்னால் ஒருவர் பூங்கொத்தோடு. "வாழ்த்துகள் சார்! இவ்வளவு உரிமையோட சண்டை போட்டா அது உங்க வீடுதான். எங்க பையன் எல்லாம் சொன்னான். கிளாஸ் ஃபேக்டரி ஓனராமே!" பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

சல்லிசு பேனாவைப் பார்த்தார். நல்ல பேனா. வேறு ஒரு நாளாக இருந்தால் கையெழுத்துப் போடாமலே பேனாவைக் கொண்டுபோக ஒரு வழி யோசித்திருப்பார். ஆனால் இளைஞன் மேனேஜருக்குப் பின்னால் நின்று, ஆறு மாதத்துக்கு அப்புறம் சிரிக்கிறவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். சல்லிசுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க. நான் வெச்சிருக்கறது மூக்குக் கண்ணாடிக் கடை. எங்க வீட்டுக்கே இன்னும் வாடகைதான் குடுக்கறேன். ஊர் சுத்திப் பாக்க பஸ்ஸுக்குக் காசு ஜாஸ்தியா இருந்துது. உங்க வேன் சும்மான்னு போட்டிருந்துது. ஏறிட்டேன். இந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் வாயைத் திறந்து சொல்லாம இருந்துட்டேன்."

பூங்கொத்து வைத்திருந்தவர் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இளைஞனின் கை தானாகவே கழுத்துக்குப் போய் டையின் முடிச்சைத் தேடியது. மேனேஜர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் வங்கிக்காரர் மனைவி.

சோபாவிலிருந்து எழுந்து வந்து, அவள் அந்தப் படுக்கையறைக் கதவை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சல்லிசின் மனைவியைப் பார்த்து, "ஏம்மா, நிஜமாவே உள்ள கத்துனியா?" என்றாள்.

"தொண்டை கட்டுற அளவுக்குக் கத்துனேங்க."

"கதவையும் தட்டுன?"

"உதைச்சே பாத்தேன்."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. கணவரைக் கூப்பிட்டாள். "உள்ள போங்க. போய் ஊதுங்க."

"வாத்தியம் கொண்டு வரலையேம்மா" என்றார் வங்கிக்காரர். அன்று முழுக்க அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"வாயாலயே ஊதுங்க. வீட்ல ஊதுற மாதிரியே, முழு பலத்தோட."

அவர் உள்ளே போனார். தச்சர் கதவைச் சாத்தினார். அந்த அம்மாள் கதவில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெளியே இருந்த அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைக் காட்ட, தச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வங்கிக்காரர் கன்னங்கள் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் நீர் வர, யானை பிளிறுவது போல ஊதிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. வாண்டு பயந்துபோய் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"சாத்துங்க, சாத்துங்க" என்றாள் அந்த அம்மாள். கதவு மூடியது. அமைதி.

"ரிடையர் ஆன மறுநாள் சாக்ஸபோன் வாங்கிட்டு வந்தாரு" என்றாள் அவள் எல்லோருக்கும் பொதுவாக. "நல்ல மனுஷன். வேற ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஊதுறாரு, ஒரே பாட்டை. எத்தனை வீடு பாத்தேன், சத்தம் எப்படி, சத்தம் எப்படின்னு. எல்லாரும் ரோட்டுச் சத்தம் உள்ள வராதுன்னு சொன்னாங்களே தவிர, உள்ள இருக்கற சத்தம் வெளிய வராதுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?" மேனேஜரின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். "எங்க கையெழுத்து போடணும்? கதவு மட்டும் இதே கதவா இருக்கணும்."

இளைஞன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பூங்கொத்து மறுபடி முன்னால் வந்தது. மேனேஜர் இளைஞனைத் தூக்கி நிறுத்தி, கட்டிப்பிடித்து, அவன் டையைத் தன் கையாலேயே சரிசெய்தார். வங்கிக்காரரை வெளியே எடுக்க வேண்டும் என்பது கொஞ்ச நேரம் யாருக்கும் நினைவில்லை.

சாயங்காலக் காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. இனி அதற்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியாமல் சல்லிசு எடுக்காமலே நின்றார். மேனேஜரே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், நாளைக்கும் ஒரு வேன் போகுது. நீங்க குடும்பத்தோட வந்து இதே மாதிரி ஒரு சண்டை போட்டுக் குடுத்தா போதும். சாப்பாடு உண்டு. கையிலயும் ஏதாவது குடுத்துடுவோம்."

சல்லிசின் கண்களில் ஒரு பழைய வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சமையலறை ஜன்னலருகே நின்று கடைசியாக ஒரு முறை அந்த இழுப்பறையை இழுத்து, அது தானே மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றார் அவர். "நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்கு."

மறுநாள் காலை ஆற்றுப் படகுத் துறையில் மூன்று முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் எடுத்தார். பணத்தைக் கொடுத்தபோது நோட்டைச் சீக்கிரம் விடாததால், டிக்கெட் கொடுப்பவர் இழுத்து வாங்க வேண்டியிருந்தது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடந்தது. மனைவி, முந்தின நாள் ராத்திரியே வாங்கிய மெரூன் சேலையில் இருந்தாள். படகு கிளம்பி, நடு ஆற்றுக்குப் போய், இரண்டு முறை இருமி, நின்றது.

மற்ற பயணிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்பேன் என்றார். சல்லிசு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?" என்றாள் மனைவி.

அவர் அவள் காதருகே குனிந்தார். "நம்ம டிக்கெட்டு அரை மணி நேரத்துக்குத்தான். எவ்வளவு நேரமாச்சு பாரு. யாரும் கேக்கவே இல்ல."

அவள் முறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் உதடு கேட்கவில்லை; சிரித்துவிட்டாள். சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல், அந்தக் கதவு, அந்தக் கைப்பிடி, வாயாலேயே ஊதிய வங்கிக்காரர் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சிரித்தாள். வாண்டு கையை ஆற்றில் விட்டு அளைந்தான். மகள் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் நிமிர்ந்து, "யாராவது கொஞ்சம் துடுப்புப் போடுறீங்களா?" என்று கேட்டார். சல்லிசு உற்சாகமாக எழுந்து துடுப்பை வாங்கினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக, முழு பலத்தோடு போட்டார். படகு இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாகப் போட்டார்.

படகுக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், ரொம்ப நன்றி. நீங்க போடாம இருந்தா தண்ணியே நம்மளைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டுடும்."

சல்லிசு துடுப்பைக் கொடுத்துவிட்டு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நன்றாக மூச்சு வாங்கியது. அவள் சேலைத் தலைப்பால் விசிறினாள்.